கூட்டக் குறிப்பில் இல்லாதவை

நூலகர் சங்கத்தின் கூட்டுறவுக் குழுவுக்குக்
குறிப்பெழுதுபவள் நான்.
நான்கு வருடம், பதினோரு நோட்டு.
"விவாதிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லுக்குள்
எத்தனை சண்டையை மடித்து வைத்திருக்கிறேன் என்பது
எனக்கும் பேனாவுக்கும் மட்டும் தெரியும்.

தண்டர் பே. ஜனவரி.
சுப்பீரியர் ஏரி கரையோரமெல்லாம் இறுகிக் கிடந்தது,
தானியக் கிடங்குகளின் நிழல்கூட அதில் உறைந்த மாதிரி.
எங்கள் மேற்குக் கிளை இரவு எட்டுக்கு மூடும்.
கடைசிப் பேருந்து ஏழு ஐம்பதுக்கு.
அந்தப் பத்து நிமிடத்துக்காக
வாசகர்கள் புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள்.

மாநகராட்சிக்கு மூன்று கடிதம் போனது.
"பரிசீலனையில் உள்ளது."
மூன்று பதிலிலும் அதே வரி, அதே கையெழுத்து.

இர்யா லம்பினென் கடிதம் எழுதுவதை நிறுத்தினாள்.
ஏலக்காய் ரொட்டி ஒரு டப்பா எடுத்துக்கொண்டு
ஓட்டுநர் தொழிற்சங்கத்தின் படியேறினாள்.
ரென்சோ போர்த்தொலின் ரொட்டியைத் தொடவில்லை.
"நூலகக்காரர்களுக்கு எங்களிடம் என்ன வேலை?"
"உங்களுக்கு எங்களிடம் ஏதாவது உண்டா?"
அவன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடி,
"கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை இல்லை.
எங்கள் பெண்கள்
மதியத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை."

நான் எழுதியது:
பரஸ்பரத் தேவைகள் இனங்காணப்பட்டன.

எங்கள் ஒப்பந்தத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது
பின்வாசல் கழிப்பறையின் பித்தளைச் சாவி.

ஆறு பக்கக் காகிதம் அதற்கப்புறம்தான் வந்தது.
முதல் பக்கத்திலேயே "பங்காளிகள்" என்ற சொல்லை
ரென்சோ அடித்தான்.
"பங்கு போட்டுக்கொள்ள
இங்கே குளிரைத் தவிர என்ன இருக்கிறது?"
நான்காம் பிரிவு மூன்று மாலைகளைத் தின்றது.
"இயன்றபோது உதவுவோம்" என்றது எங்கள் தரப்பு.
"இயன்றபோது எங்கள் முதலாளிகூட உதவுவார்"
என்றாள் ஏழாம் எண் வண்டி டெல்ஃபின் பானன்.
கடைசியில் அவள் சொன்னபடியே எழுதினோம்:
ஒருவர் தெருவில் நிற்கும்போது
மற்றவர் கதவைச் சாத்துவதில்லை.
இது சட்ட மொழியல்ல என்றார் வக்கீல்.
அவருக்கும் ரொட்டி கொடுத்தோம்.

மார்ச்சில் ஓட்டுநர்கள் போராடி
கால அட்டவணையில் ஒரு வரியை மாற்றினார்கள்.
எட்டு ஐந்து.

நவம்பரில் அவர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள்.
எட்டு ஐந்தும் இல்லை, ஏழு ஐம்பதும் இல்லை.
வாசகர்கள் மறுபடி நடந்தார்கள்,
இந்தத் தடவை எங்களைத் திட்டிக்கொண்டு.

அவசரக் கூட்டம்.
"நாம் எல்லாத் தரப்புப் புத்தகத்தையும்
அலமாரியில் வைத்திருப்பவர்கள்" என்றார் பொருளாளர்.
அது பொய்யில்லை. அதுதான் சிக்கல்.
"அடுத்த வருட நிதி மாநகராட்சி கையில்" என்றார் இன்னொருவர்.
அதுவும் பொய்யில்லை.
இர்யா நான்காம் பிரிவை வாசித்தாள்,
குரலை உயர்த்தக்கூட இல்லை.
ஐந்துக்கு ஐந்து.
சமநிலையில் தீர்மானம் தோற்கும், அது விதி.
தெளிவாகவே எழுதினேன். கை மட்டும் வலித்தது.

எழுதாமல் விட்டது:
பின்வாசல் பூட்டை மாற்றும்படி
நிர்வாகம் அனுப்பிய மின்னஞ்சலைப்
பொருளாளர், எதிர்த்துக் கை தூக்கிய அதே பொருளாளர்,
மூன்று வாரம் திறக்கவே இல்லை.
மைனஸ் இருபத்திரண்டில்
மறியல் பலகைகள் எங்கள் சுவரில் சாய்ந்து நின்றன.
ஓட்டுநர்கள் உள்ளே போய் வந்தார்கள்.
வாக்கில்லாதவள் நான். கெட்டிலைப் போட்டேன்.

ஒருநாள் இரவு எட்டு ஐந்துக்கு
பேருந்து வராத நிறுத்தத்தில்
டெல்ஃபின் தன் சொந்த வேனை நிறுத்தி
நான்கு வாசகர்களை ஏற்றிப் போனாள்.
வேலைநிறுத்தத்தை உடைத்ததாகுமா இது என்று
அவர்கள் சங்கத்தில் ஒரு மணி நேரம் ரகளையாம்.
நாற்காலிகூட ஒன்று விழுந்ததாம்.

அங்கேயும் ஒருவன் குறிப்பெழுதிக்கொண்டிருப்பான்.
"விவாதிக்கப்பட்டது" என்று போட்டுவிட்டுப்
பேனாவை மூடியிருப்பான்.